செத்த பிறகும் உப்பு இழுக்கும் தோல்

ஆய்வகத்தில் பாட்டில் கழுவுகிறவனுக்குச் சம்பளம் தாமதமாக வரலாம். பயம் மட்டும் காலையில் கதவைத் திறக்கும்போதே வந்து நிற்கும். கல்லூரியிலோ ஆஸ்பத்திரியிலோ மருந்துக் கம்பெனியிலோ, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறவர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்குச் சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நான் வேலை பார்த்த மில் மூடிப்போனது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, கோயமுத்தூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் அட்டெண்டர் ஆனேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. அந்த ஆய்வகத்திலோ தமிழில் ஓர் எழுத்தும் கிடையாது. கல்யாணத்துக்கு ஒரு மகள் இருந்தாள். அவள் கழுத்தில் தாலி ஏறுகிறவரை நான் சாகாமல் இருக்க வேண்டும். என் கவலை அது ஒன்றுதான்.

முள் எழுந்தது

முதல் நாளே பயந்தேன். ஆய்வகத்துக்குத் தலைவர் புரொபசர் நாராயணன் சார். அவரிடம் ஆராய்ச்சி செய்த பெண் சுகந்தி. ஒரு தவளையைக் கொன்று அதன் வயிற்றுத் தோலைச் சன்னமாக உரித்து, இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவே தட்டி மாதிரி இழுத்துக் கட்டினார்கள். இரண்டு கிண்ணத்திலும் ஒரே உப்புக் கரைசலை ஊற்றினார்கள். ஒயரை மாட்டினார்கள். மிச்சத் தவளையை வாளியில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். நான் வாளியோடு திரும்புகிறேன், மீட்டர் பெட்டியில் படுத்திருந்த முள் மெல்ல எழுந்து நிற்கிறது.

கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தோலிலிருந்துதான் என்றார் சார். தவளை உயிரோடு இருக்கும்போது, குளத்துத் தண்ணீரில் இருக்கிற சொற்ப உப்பைத் தோல் வழியாகவே உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். தண்ணீரில் கரைந்த உப்பு மின்சாரம் ஏறிய சின்னச் சின்னத் துகள்களாகப் பிரிந்துதான் இருக்குமாம். அதனால் தோல் உப்பை இழுக்க இழுக்க மின்சாரமும் சேர்ந்தே ஓடுமாம். தவளை போன பிறகும் தோல் வேலையை நிறுத்தாதாம். காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால் சாயங்காலம்வரை இழுக்குமாம். நான் வாளியைப் பார்த்தேன். மேஜையைப் பார்த்தேன். உடம்பு வாளியில் கிடக்கிறது, வேலை மேஜைமேல் நடக்கிறது. வீட்டில் குளிக்கும்போது என் வயிற்றில் சோப்புப் போடவே கை கூசியது. நான் போன பிறகு இது என்னென்ன செய்துகொண்டிருக்குமோ?

மறுநாள் இதை ஸ்டோர் ரங்கசாமியிடம் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னவன், வேலையில் பழையவன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவன் சொன்னான்: "செத்தது தவளைக்குத் தெரியுமுங்ணா. தோலுக்கு யாரு போயிச் சொல்லியிருக்கறாங்க?"

கீரை மூட்டை

தவளை பிடித்து வருவதும் என் வேலைதான் என்று யாரும் முன்னால் சொல்லவில்லை. சூலூர் பக்கம் வாய்க்கால் ஓரம் போய்ப் பிடித்து, ஈரச் சாக்கில் கட்டி, டவுன் பஸ்ஸில் காந்திபுரம் வரவேண்டும். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. தவளையைப் பிடித்துக்கொண்டு போனால் மழையும் கூடவே போய்விடும் என்று தோட்டத்துக்காரர்கள் நம்பினார்கள். ஒருவர் என்னைப் பார்த்ததும் நாயை அவிழ்த்து விட்டார். அந்த நாயின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை.

அதனால் பஸ்ஸில் உட்கார்ந்தால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருவேன். ஒருநாள் கண்டக்டர் சாக்கைக் காலால் தொட்டு, "ஏனுங்க பெரியவரே, என்ன மூட்டை?" என்றார். "கீரைங்க" என்றேன். பஸ் மேட்டில் ஏறி ஒரு குலுக்குக் குலுக்கியது. கீரை கத்தியது. ஒன்று கத்தியதும் எல்லாம் சேர்ந்து கத்தின. பஸ் முழுக்கத் தோட்டங்காட்டு ஆட்கள். இறக்கிவிட்டு உதைக்கப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த தலைப்பாக்கட்டுக்காரர் சாக்கையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கீரை நல்ல சாதிதானுங்க. இன்னிக்கு மழை வருமுன்னு சொல்லுது."

நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும்

பிடித்து வந்த தவளைகளைப் பின்பக்கச் சிமெண்டுத் தொட்டியில் விடுவோம். சிறுவாணித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். மனுஷர்கள் குடம் வைத்துக் காத்திருக்கிற தண்ணீரைத் தவளைக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. போர்க் குழாய்த் தண்ணீரை அடித்து ஊற்றினேன். வாயில் வைக்க முடியாத உப்பு அது. தவளைக்கு உப்புத்தானே பிடிக்கும், குடிக்கட்டும் என்று நினைத்தேன். பத்து நாளில் சுகந்தியின் மீட்டர் முள் எழுந்திருக்கச் சோம்பல் பட்டது. அப்புறம் பாதிக்குமேல் ஏறவே இல்லை. அவள் ஒயரை மாற்றினாள், கரைசலை மாற்றினாள், மீட்டரை ரிப்பேருக்குக் கொடுத்தாள். இந்த வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்து விடுவதாக அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள். யார் செய்த தப்பு என்று சார் ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்தார். என் முறை வருவதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது.

சார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேரே தொட்டிக்குப் போய், விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டார். கத்துவார், வேலையை விட்டுப் போ என்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார். அது அதைவிட மோசம். நல்ல தண்ணீரில் விட வேண்டும் என்று ஒரு வாய் வார்த்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை, இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்லுவேன். சார் சொன்னது இதுதான்: "தண்ணியில உப்பு கம்மியா இருந்தாத்தான் தோல் பறந்து பறந்து இழுக்கும். நீங்க தொட்டி நெறைய ஊத்தி வெச்சுட்டீங்க. வயிறு நெறஞ்சவன் எதுக்குங்க பழனிச்சாமி பந்திக்கு ஓடறான்?"

பிரிட்ஜுக்குள் வந்தவன்

அப்புறம்தான் அந்தக் குப்பி வந்தது. சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், உள்ளே வெள்ளைத் தூள். வெளிநாட்டிலிருந்து வந்ததாம். சார் அதை வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே தூக்கி வந்தார். ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவுகிற விஷமாம். நம் ஆட்கள் அதை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பிரிட்ஜில். பால் பாக்கெட், சுகந்தியின் தயிர்ச்சோறு, ரங்கசாமி வீட்டு மாங்காய், அதற்குப் பக்கத்தில் அது. மேலே இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. எழுதியிருந்து எனக்கென்ன லாபம்?

அன்றைக்கே துளித் தூளைக் கரைத்து, தோலின் உள்பக்கக் கிண்ணத்தில் விட்டார்கள். அதுவரை ஜம்மென்று நின்ற முள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. நான் துடைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றுவிட்டது. வாளியில் கிடந்த தவளையைப் பார்த்தபோதுகூட எனக்குச் சாவைப் பார்க்கிற மாதிரி இல்லை. இப்போது ஒரு சத்தமும் இல்லாமல், துடிப்பும் இல்லாமல், ஒரு முள் படுக்கிறது. என் கண்முன்னால் ஒரு உயிர் அப்போதுதான் போகிறது. உப்பை உள்ளே தள்ளுகிற பம்பு ஒன்று தோலில் இருக்கிறதாம், அதைத்தான் இந்த விஷம் பிடித்து நிறுத்துகிறதாம். சார் மீட்டரைப் பார்த்தபடியே, வானிலை சொல்கிறவர் குரலில் சொன்னார்: "இதே பம்பு உங்க இதயத்துலயும் இருக்குதுங்க பழனிச்சாமி."

ஆயுத பூஜை

அன்றிலிருந்து பிரிட்ஜைத் திறக்கும்போது கையில் துண்டைச் சுற்றிக்கொள்வேன். பாலை எடுத்தால் பாக்கெட்டைத் தனியாகக் கழுவி, கையைத் தனியாகக் கழுவுவேன். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிக்கட்டும், அவளுக்கு இருபது சொச்சம் வயது.

ஆயுத பூஜை வந்தது. நம் ஊரில் லேத்துப் பட்டறைக்கு எப்படியோ ஆய்வகத்துக்கும் அப்படித்தான். எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைக்க வேண்டும். தராசுக்குப் பொட்டு வைத்தேன். மீட்டருக்கு வைத்தேன். கத்தரிக்கோலுக்கும் வைத்தேன். பிரிட்ஜுக்கு வெளியே வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். சார் தேங்காய் உடைக்கப் போகும் நேரத்தில் ரங்கசாமி கதவைத் திறந்து காட்டி, "உள்ளே இருக்கறவருக்கு?" என்றான். முடியாது என்று தலையாட்டினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு குச்சி முனையில் குங்குமத்தை எடுத்து, கையை முழுக்க நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வைத்தேன். பொட்டு பால் பாக்கெட்டின்மேல் விழுந்தது. ரங்கசாமி கையைக் கூப்பிக்கொண்டே சொன்னான்: "மீட்டரு கோவிச்சுட்டா ரிப்பேருக்குக் குடுத்துக்கலாமுங்ணா. இவரு கோவிச்சுட்டா? இவருக்குத்தான மொதப் பொட்டு வெக்கோணும்."

பீக்கரில் டீ

உங்களில் ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே டீ போடத் தனிப் பாத்திரம் கிடையாது. பெரிய பீக்கரில் பாலைக் காய்ச்சுவோம், சின்ன பீக்கரில் ஊற்றிக் குடிப்போம். படித்தவர்களும் அப்படித்தான் குடித்தார்கள். மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். அன்று என் வழக்கமான பீக்கர் கீறல் விட்டிருந்தது. தொட்டி மேடையில் இன்னொன்று இருந்தது, அடியில் கொஞ்சம் தண்ணீரோடு. தண்ணீரைக் கொட்டிவிட்டு டீயை ஊற்றிக் குடித்தேன். பாதிக்குமேல் குடித்திருப்பேன். சுகந்தி மேடையில் எதையோ தேடினாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. "அண்ணா, அதுலதானுங்ணா விஷத்தைக் கரைச்சு வெச்சிருந்தேன்" என்றாள்.

உதடு மரத்துப்போன மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். முள் சாய்ந்தது கண்ணில் வந்தது. அதே மாதிரிதான், சத்தமில்லாமல். மண்டபத்துக்கு யார் போய்ச் சொல்வார்கள், தாலி கட்டும்போது என் இடத்தில் யார் நிற்பார்கள் என்று யோசித்தேன். தம்பி நிற்பான். எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. அவன் நிற்கப் போகிறானே என்பது விஷத்தைவிடக் கசந்தது.

ரங்கசாமி ஆட்டோ பிடிக்க ஓடினான். சார் ஓடி வந்தார். வந்தவர் என் கையைப் பிடித்து மேஜைக்கு இழுத்துப் போனார். அங்கே காலையில் கட்டிய தோல் ஓடிக்கொண்டிருந்தது. "பாருங்க" என்று அதே விஷத்தை, இந்தத் தடவை தோலின் வெளிப்பக்கக் கிண்ணத்தில் ஊற்றினார். சாகப்போகிறவனுக்குப் பரிசோதனை காட்டிய மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். முள் அசையவில்லை. நின்றது நின்றபடி நின்றது. அந்தப் பம்பு உள்பக்கச் சுவரில்தான் இருக்கிறதாம். வெளிப்பக்கம் இருந்து இந்த விஷத்தால் தோலைத் தாண்டி அங்கே போய்ச் சேர முடியாதாம். குடலுக்கும் அப்படி ஒரு தோல் இருக்கிறதாம், அதுவும் இதை லேசில் உள்ளே விடாதாம். "வயித்துக்குள்ள போயிருச்சுன்னு நீங்க நெனைக்கறீங்க. உங்க ஒடம்புக்கு அது இன்னும் வெளியதானுங்க நிக்குது" என்றார். எனக்கு உயிர் பாதி திரும்பியது. அப்படியானால் ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரும்பாலும் ஆகாதுங்க" என்றார்.

ஆர்.எஸ்.புரம் டாக்டர்

பெரும்பாலும் என்ற வார்த்தையை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி வெறுத்ததில்லை. ஆர்.எஸ்.புரம் ஆஸ்பத்திரி போய்ச் சேருகிறவரை ஆட்டோவில் என் ஒரு பக்கம் சார், ஒரு பக்கம் ரங்கசாமி. சார் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தார். அப்போதுதான் அவருக்கும் பயம் என்று தெரிந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, அடுத்த நிமிஷம் என் பயம் இரண்டு மடங்கானது.

டாக்டர் அந்த விஷத்தின் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. சார் காகிதத்தில் எழுதிக் காட்டி, ஆப்பிரிக்கா, அம்பு என்று விளக்கினார். டாக்டர் என் சட்டையைத் தூக்கி, "அம்பு எங்கீங்க பட்டுது?" என்று முன்னும் பின்னும் தேடினார். டீயில் என்றதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வயிற்றைக் கழுவினார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். இப்போது என் தோலில் ஒயர், பக்கத்தில் ஒரு பெட்டி. காகிதத்தில் முள் கோடு போட்டுக்கொண்டே போனது. அது படுத்துவிடுமோ என்று சாயங்காலம்வரை கண் சிமிட்டாமல் பார்த்தேன். நெஞ்சு தடதடவென்று அடித்தது. பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் காகிதத்தை நீட்டமாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விஷம் ஏறியிருந்தா இது தடுக்கித் தடுக்கி நடக்கோணும். இது நாய் தொரத்துன மாதிரி ஓடுது. வெறும் பயமுங்க, ஊட்டுக்குப் போயி மோர் குடிங்க."

தமிழில் எழுதிய பிறகு

வீட்டில் சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி அழவில்லை. "பாட்டல்ல தமிழ்ல எழுதி வெக்கச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா வேலைக்குப் போவேண்டாம். கலியாணத்துக்கு அப்பன் வேணும்" என்றாள். மறுநாள் சார் முன்னால் போய் நின்றேன். வேலை போனாலும் போகட்டும் என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். இத்தனை நாள் தவளைக்குச் சொல்லாவிட்டாலும், எதில் விஷம் இருக்கிறது என்று எனக்காவது சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். சார் தலையைக் குனிந்துகொண்டார். சிவப்புப் பெயிண்டை எடுத்து, குப்பி வைத்த டப்பாவிலும் அந்த பீக்கரிலும் தன் கையாலேயே 'விஷம்' என்று எழுதினார். அந்த ஆய்வகத்தில் நான் படித்த முதல் வார்த்தை அதுதான்.

ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். துண்டில்லாமல் பிரிட்ஜைத் திறந்தேன். மறு வாரம் திறந்தால், தயிர்ச்சோற்று டப்பாமேல் விஷம். ஊறுகாய் பாட்டில்மேல் விஷம். மாங்காய்ப் பைமேலும் விஷம். வெளியே அலமாரியில் சர்க்கரை டப்பாமேல் கொட்டை எழுத்தில் விஷம், அதற்குப் பக்கத்தில் ஏதோ வெள்ளைத் தூள் இருந்த இன்னொரு டப்பாமேலும் விஷம். துண்டை மறுபடி கையில் சுற்றிக்கொண்டேன். முன்பாவது பயப்பட ஒரு குப்பிதான் இருந்தது. ரங்கசாமியைப் பிடித்து உலுக்கினேன். "சக்கரை டப்பாவுல எதுக்குடா விஷமுன்னு எழுதினே?" கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அவன் சொன்னான்: "நீங்க காட்டுன வழிதானுங்ணா. எழுதுனதுல இருந்து ஒரு கரண்டி கொறையிலீங்க."

தை மாதம் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு, அதற்கு அப்புறமும் பல வருஷம் அங்கேயே இருந்து உயிரோடு ஓய்வு பெற்றேன் என்றால், அதற்கு நாராயணன் சாரின் படிப்பும் காரணமில்லை, ஆர்.எஸ்.புரம் டாக்டரின் வைத்தியமும் காரணமில்லை, கடைசி நாள்வரை வீட்டிலிருந்து கொண்டுபோன தம்ளரில் சர்க்கரையில்லாத டீயைக் குடித்ததுதான் காரணம்.